வேகமாகப் படிக்கணும், படித்தது புரியவும் வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலை வேளைகளில் வாசிப்புப் பயிற்சி கொடுத்து வருகிறேன். குரூப் 4 எழுதுகிறவர்கள்தான் அதிகம். அவர்களைத் தவிர ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள், பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் என்று பலரும் வந்து கேட்கிறார்கள். ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, நான் சொல்லும் பதிலையும் எழுதி வைக்கிறேன்.

கே: நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்க வைக்கிறோம் என்று விளம்பரம் வருகிறதே சார், நிஜமா?

ஆயிரம் சொல் மேல் கண்ணை ஓட்டலாம். படித்ததாக ஆகாது.

வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டே போவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. பிரான்சில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவர் 1870-களின் கடைசியிலேயே இதை எழுதிவிட்டார். நிற்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் கால் நொடி. நிற்கிற நேரத்தில்தான் எழுத்து உள்ளே போகிறது. தாவுகிற நேரத்தில் ஒன்றும் போவதில்லை. நின்ற இடத்திலும் விழித்திரையின் நடுவில் ஒரு சின்னப் பகுதிக்குத்தான் எழுத்து துல்லியமாகத் தெரியும். ஆங்கிலம் படிக்கிறவர்களை வைத்து அளந்ததில், வலப்பக்கம் ஏறக்குறைய 15 எழுத்து வரை ஏதோ ஒரு தகவல் கிடைக்கிறது. சொல் இன்னதென்று அடையாளம் தெரிவது அதில் பாதி தூரத்துக்குத்தான். முழுப் பத்தியையும் ஒரே பார்வையில் அள்ளுவது என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

இந்த வியாபாரம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை 1959-இல் தொடங்கிய வகுப்புகள் அந்தக் காலத்திலேயே பெரிய பிரபலம். கீத் ரெய்னரும் அவருடைய சகாக்களும் இந்தத் துறையின் ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதிய கட்டுரை 2016-இல் வந்தது. வேகத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் புரிதல் குறைந்தே தீரும் என்பதுதான் அதன் முடிவு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் கதையல்லாத எழுத்தை மனதுக்குள் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் சொன்ன எண் இது. இதைத் தமிழுக்கு அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும்.

கே: அப்போ வேகத்தைக் கூட்ட வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் கண் அல்ல.

1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயரெடுத்த, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். மா மரத்தில் தத்துப்பூச்சி பற்றித் தோட்டக்கலைத் துறை ஒரு துண்டறிக்கை கொடுக்கிறது என்று வையுங்கள். கிருஷ்ணகிரியில் பெங்களூரா தோப்பு வைத்திருப்பவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவராக இருந்தாலும், அதை ஒரு மூச்சில் படித்துவிட்டு "பூக்கிற நேரத்தில் அடிக்கச் சொல்றான்" என்று விஷயத்தைச் சொல்லிவிடுவார். இன்ஜினியரிங் முடித்த பையன் ஒவ்வொரு வரியிலும் முட்டுவான்.

ஆகவே ஒரு பாடத்தை வேகமாகப் படிக்க வேண்டுமானால் அந்தப் பாடத்தை முன்னாலேயே கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொருளாதாரம் மெதுவாகப் போகிறதா? பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அதே தலைப்பை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் முதலில் படியுங்கள். அடிப்படைச் சொற்கள் எல்லாம் அங்கேயே அறிமுகமாகிவிட்டால், பெரிய புத்தகத்தில் அந்தச் சொற்களில் தடுக்கி நிற்க மாட்டீர்கள். கௌரவக் குறைச்சலாக நினைத்து இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கே: என் வேகத்தை நானே எப்படி அளப்பது?

படிக்காத ஒரு பக்கத்தை எடுங்கள். பத்து வரியில் எத்தனை சொல் என்று எண்ணி, ஒரு வரிக்குச் சராசரி பாருங்கள். வரிக்கு 6 சொல், பக்கத்தில் 30 வரி என்றால் 180 சொல். ஒன்றரை நிமிடத்தில் முடித்தால் நிமிடத்துக்கு 120.

இத்தோடு நிறுத்தினால் அளந்ததே வீண். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை யாரிடமாவது நாலு வாக்கியத்தில் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் செல்போனில் பதிவு செய்யுங்கள். பிறகு பக்கத்தைத் திறந்து, சொன்னதில் எது விட்டுப்போனது, எது மாறிப்போனது என்று பாருங்கள். சொல்ல வராத பக்கத்தின் வேகத்தை நோட்டில் எழுதவே வேண்டாம்.

செய்தித்தாளில் ஒரு வேகம், அரசியலமைப்புப் பாடத்தில் ஒரு வேகம் இருக்கத்தான் செய்யும். இரண்டையும் ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

கே: மனதுக்குள் உச்சரித்துக்கொண்டே படிக்கிறேன். அதை நிறுத்தினால்தான் வேகம் வருமாமே?

உதடு அசைகிறதா, முணுமுணுப்பு கேட்கிறதா? அதை நிறுத்தப் பழகுங்கள். பேச்சின் வேகத்துக்குள் அது உங்களைக் கட்டிப்போடும். உள்ளே கேட்கும் குரல் வேறு விஷயம். கடினமான வாக்கியத்தை மனம் பிடித்து வைத்துக்கொள்வதே அந்தக் குரலின் துணையோடுதான். அதை வலிந்து அடக்கியவர்களுக்குப் புரிதல் கெட்டதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சும்மா விடுங்கள். பாடம் பழகப் பழக அந்தக் குரலே சுருங்கிவிடும்.

கே: படித்த வரிக்கே திரும்பத் திரும்பப் போகிறேன் அண்ணா. இது வியாதியா?

இல்லை. நன்றாகப் படிக்கிறவர்களின் கண்ணும் நூறு தாவலில் பத்துப் பதினைந்து தடவை பின்னால் போய் வருகிறது. புரியாததைச் சரிபார்க்கத் திரும்புவது நல்ல வாசகனின் பழக்கம். கவனம் வேறெங்கோ போய்விட்டதால் திரும்புவதுதான் தொல்லை, அதற்குப் பென்சில் போதும். வரிக்குக் கீழே பென்சில் முனையைச் சீராக நகர்த்திக்கொண்டு போங்கள். இது கண்ணுக்கு வித்தை கற்றுக்கொடுக்காது. மனதை வரியோடு கட்டி வைக்கும், அவ்வளவே.

கே: ஒவ்வொரு சொல்லாகக் காட்டும் செயலிகள் உபயோகமா?

2014 வாக்கில் பரபரப்பாக வந்தன. திரையின் ஒரே இடத்தில் சொற்கள் பளிச் பளிச்சென்று வரும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் பின்னால் திரும்ப முடியாது. மேலே சொன்ன காரணத்தால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கே: வாக்கியத்தின் முதல் நாலு சொல்லைப் பார்த்தால் மீதி புரிந்துவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார்...

ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். தமிழில் அதைச் செய்தால் கவிழ்வீர்கள். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்ற தீர்ப்பும் அங்கேதான் வருகிறது. நானே கட்டிய ஒரு வாக்கியம்:

"குறித்த நாளுக்குள் வந்து சேராத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும் என்று விண்ணப்பதாரர்கள் அஞ்ச வேண்டியதில்லை."

'நிராகரிக்கப்படும்' என்பதோடு கண்ணை எடுத்தவர் அன்று இரவு தூங்க மாட்டார். முழுதும் படித்தவர் காபி குடிக்கப் போய்விடுவார்.

இதனால் தமிழில் வேகமாகப் போகிறவர் பத்தியின் நடுவில் வேண்டுமானால் ஓடலாம், வாக்கியத்தின் வாலில் நின்றுதான் ஆக வேண்டும். 'இல்லை', 'அல்ல', 'தவிர', 'நீங்கலாக', 'மட்டுமே', 'ஆயினும்' ஆகிய சொற்களைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போக வேண்டும். ஒரு வாரம் செய்தித்தாளில் இந்தச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். வட்டமிடாமலே கண் அங்கே நிற்கப் பழகிவிடும். நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளில் இதைத்தான் முதலில் வைக்கிறேன்.

கே: குரூப் 4-இல் எனக்கு நேரம் போதவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

3 மணி நேரத்தில் 200 கேள்வி. ஒரு கேள்விக்கு 54 நொடி, வட்டத்தைக் கருக்கும் நேரமும் இதற்குள்ளேதான். விடை தெரியாத கேள்விக்கும் ஒரு வட்டத்தைக் கருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பொதுத்தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்க் கேள்விகளில் பல ஒரே வரி. தெரிந்தால் பத்து நொடி, தெரியாவிட்டால் பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் வராது. அங்கே மிச்சம் பிடிக்கிற நேரம்தான் கூற்றுக் கேள்விகளுக்குச் சோறு போடும்.

கூற்றுக் கேள்வியை எப்படிப் படிப்பது என்று ஒரு மாதிரி பார்ப்போம்:

1. தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. 3. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. இவற்றுள் தவறானது எது?

வேகமாக ஓட்டுகிறவர் முதல் கூற்றைப் படிப்பார், சரி. இரண்டாவது, அதுவும் சரி. 'சரி' என்ற நினைப்பிலேயே விடைகளுக்குப் போய் '1, 2' என்பதைக் கருக்கிவிடுவார். கேட்டது தவறானதை. ஆகவே கடைசி வரியை முதலில் படியுங்கள், 'தவறானது' என்பதன் கீழே கோடு போடுங்கள், பிறகு கூற்றுகளுக்கு வாருங்கள். ராஜாஜி பிறந்த 1878-இல் தொரப்பள்ளி சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி மாவட்டத்துக்குள் வந்தது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். பழைய கைடுகளில் தருமபுரி என்றே போட்டிருப்பார்கள். 'உள்ளது' என்ற நிகழ்கால வினையைப் பார்க்காமல் போகிறவர் மூன்றாவதையும் 'சரி' என்று தள்ளிவிடுவார்.

கே: வேகமாகத்தான் படிக்கிறேன், மறுவாரம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

அப்படியானால் உங்கள் பிரச்சினை வேகம் அல்ல. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே பாடத்தை ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்.

மூன்று தடவை படிக்கும் நேரத்தில் ஒரு தடவை படித்து, இரண்டு தடவை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போடுவதை விட்டுவிடுங்கள். எல்லா வரியும் மஞ்சளாக இருக்கும் புத்தகங்களை நான் நிறையப் பார்க்கிறேன். வைத்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பக்கத்தைப் புரட்டத்தான் போகிறார்.

கே: எதையெல்லாம் வேகமாகப் படிக்கவே கூடாது?

இரண்டு சொல்கிறேன்.

ஒன்று பத்திரம். பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்து, நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைப் பாருங்கள். "முனியப்பன் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இதன் மத்தியில்..." என்ற மாதிரி இருக்கும். வேகமாகப் படிக்கிறவர் "கிழக்கே முனியப்பன் நிலம்" என்று எடுத்துக்கொள்வார். நேர் எதிர். முனியப்பன் நிலத்துக்குக் கிழக்கே நம் நிலம் இருக்கிறது என்றால், முனியப்பன் நமக்கு மேற்கே இருக்கிறார். இப்போது எழுதும் சில பத்திரங்களில் "கிழக்கில் வண்டிப்பாதை" என்று வேறு முறையில் போடுகிறார்கள். ஓர் உருபுதான் வித்தியாசம், நிலமே திசை மாறிவிடும். பத்திரத்தைக் காகிதத்தில் படம் வரைந்துகொண்டே படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு மூன்றையும் வாய்விட்டுப் படித்து வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று கவிதை. தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றாலே நமக்கு அதியமானும் ஔவையும்தானே. ஔவை தூது போய்த் தொண்டைமானிடம் பேசும் புறநானூற்று 95-ஆம் பாடலை எடுங்கள். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள பெரிய அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஓடுகிற வேகத்தில் படித்தால் தொண்டைமானைப் புகழ்வதாகவே படும். நின்று படித்தால்தான் 'நீ போர்க்களம் பார்த்ததே இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிறார் என்பது உறைக்கும். பொதுத்தமிழுக்குப் படிக்கிறவர்கள்கூட "வஞ்சப் புகழ்ச்சி, ஔவையார்" என்று குறிப்பு எடுத்துக்கொண்டு பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாட்டை முழுதாக ஒரு தடவை படித்தவர்களுக்கு அந்தக் குறிப்பே தேவைப்படாது.

கே: பையன் ஏழாவது படிக்கிறான். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வேகமாகப் படிக்கப் பயிற்சி கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம்மா. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுதும் செலவாகும்போது பொருளுக்கு மிச்சம் இருக்காது. கடிகாரத்தை வைத்தால் ஊகித்துப் படிக்கப் பழகிக்கொள்வான், பிறகு திருத்துவது கஷ்டம்.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அரைப் பக்கம். நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. அதே அரைப் பக்கத்தை மறுநாளும். தடுக்காமல் வந்ததும் அடுத்தது. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இருந்தால் அதைத் தனியாக எழுதிப் பழகட்டும், படிக்கும்போது நடுவில் நிறுத்தித் திட்ட வேண்டாம்.

முதலில் கண் பரிசோதனை. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லாத பிள்ளைகள் நிறைய. கண் நன்றாக இருந்து, மாதக்கணக்கில் பழகியும் எழுத்துகள் இடம் மாறியே வந்தால், பள்ளியில் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். கற்றல் குறைபாடு என்பது சோம்பேறித்தனமும் அல்ல, மந்தபுத்தியும் அல்ல.

கே: வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், பள்ளியில் தமிழ். மகள் தமிழ்ப் புத்தகத்தை மெதுவாகத்தான் படிக்கிறாள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. கன்னடம் பேசும் வீடுகளிலிருந்தும் வருகிறது. எழுத்து தெரிந்துவிட்டது, சொல்தான் காதில் விழுந்து பழகவில்லை. பாடத்தைப் படிக்கும் முன்பு அந்தக் கதையை அல்லது விஷயத்தைத் தெலுங்கிலேயே வீட்டில் பேசிவிடுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகு தமிழ்ச் சொற்கள் தாமாக இடத்தில் போய் உட்காரும். வீட்டில் தெலுங்கை நிறுத்திவிட்டுத் தமிழ் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கே: எல்லாம் பிடிஎஃப்பாக டெலிகிராமில் வருகிறது. செல்போனில் படித்தால் போதாதா?

நடப்பு நிகழ்வுகளுக்குப் போதும். ஊன்றிப் படிக்க வேண்டிய பாடத்துக்குக் காகிதம்தான். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த கட்டுரை, தகவல் சார்ந்த பாடங்களை, அதிலும் நேர நெருக்கடியில் படிக்கும்போது, காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வதாகச் சொல்கிறது. முக்கியமான இருபது பக்கத்தையாவது ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: வயது 43. இப்போது படித்தால் தலை வலிக்கிறது.

வெள்ளெழுத்தாக இருக்கலாம். பயிற்சிக்கு வரும் முன்பு கண்ணாடி போடுங்கள்.

கே: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு தினமும் கம்பெனி பஸ். அந்த நேரத்தில் படிக்கலாமா?

ஆட்டத்தில் எழுத்து குதிக்கும், சிலருக்கு வாந்தி வரும். போகும்போது படிக்க வேண்டாம். முந்தின நாள் படித்ததைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். எட்டாத இடங்களைச் செல்போனில் இரண்டு சொல்லாகக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் தூங்குங்கள். தூக்கம் கெட்டவர்களுக்கு நான் எந்தப் பயிற்சியும் கொடுப்பதில்லை.

கே: தாத்தா வைத்திருந்த பழைய புத்தகங்களைப் படிக்கும்போது மட்டும் வேகம் பாதியாகிவிடுகிறது. ஏன்?

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு அச்சானவையாக இருக்கும். ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு போட்டு நிற்கும். ணா, றா, னா எல்லாம் சுழித்துக்கொண்டு வேறு உருவத்தில் வரும். கண் அந்த உருவத்துக்குப் பழகவில்லை, அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நிற்கிறது. போதாததற்குச் சொற்களைப் புணர்ச்சியோடு சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். எங்கே பிரிப்பது என்று பார்ப்பதிலும் நேரம் போகும். முதல் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். அந்த எழுத்துகளை ஒரு துண்டுக் காகிதத்தில் புது எழுத்தோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால், இருபதாம் பக்கம் வருவதற்குள் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதையே மறந்திருப்பீர்கள்.